நீச்சல் புத்தகத்தின் கடைசிப் படம்

தெஹியோவிட்ட
1936 பெப்ரவரி 16, ஞாயிறு

சிங்கப்பூரில் இருக்கும் என் அன்பு மகன் நுஹ்மானுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நானும் உன் உம்மாவும் தங்கச்சி றமீலாவும் நல்ல சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்டு வருகிறோம். போன வருடம் ஊரையே படுக்க வைத்த அந்தக் காய்ச்சல் இந்த வருடம் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. கடை வழக்கம்போல் நடக்கிறது. தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கருவாடும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு நீ எப்போது வருகிறாய் என்று கேட்காமல் போவதில்லை. மஹ்ரூப் ஹாஜியாரின் மாணிக்கக் கடையை விட்டு விலகிப் பினாங்கில் தனியாகக் கடை போட எனக்கு அனுமதி கேட்டு நீ எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்துக்கு முடியாது என்று எழுதினேன். இரண்டாவதற்கு இன்னும் பதில் எழுதவில்லை, அந்தப் பதிலை இந்தக் கடிதத்தின் முடிவில் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடாதே, அப்படிப் பார்த்துத்தான் இங்கே ஒருவன் நன்றாக மாட்டிக்கொண்டான், அவன் யாரென்று போகப் போகத் தெரியும்.

தங்கச்சிக்கு என்று நீ அனுப்பிய படப் புத்தகம் பெருநாளைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. நீல அட்டை, உள்ளே வழவழப்பான தாளில் ஆறே ஆறு பெரிய படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி இங்கிலீசு. இங்கிலீசு எனக்கு வராது, ஆனால் படத்துக்குப் பாஷை எதற்கு என்று நானே பிரித்து உட்கார்ந்தேன். உன் வாப்பா படித்தது ஓதப் பள்ளியில் அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ் மட்டும்தான், இந்தக் கடிதத்தைக்கூட அதில்தான் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஆயுளில் நான் தொட்ட கிதாபு எல்லாம் வலப்பக்கம் திறக்கிறவை. ஆகவே உன் புத்தகத்தையும் மரியாதையாக பிஸ்மி சொல்லி வலப்பக்கம் திறந்தேன். முதல் படத்திலேயே எனக்கு ரத்தம் கொதித்தது. ஆற்று நடுவில் ஆறேழு வயதுப் பெண்பிள்ளை தன்னந்தனியாகக் கிடக்கிறாள், அவளைப் பெற்றவன் கரையில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறான். இப்படியும் ஒரு வாப்பா உலகத்தில் உண்டா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அடுத்த படத்தில் அவனுக்குப் புத்தி வந்து தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டுகிறான். மூன்றாவதில் பிள்ளை காலை உதறித் தத்தளிக்கிறாள், நான்காவதில் இரண்டு கையாலும் அவளை வயிற்றோடு தாங்கிப் பிடித்துவிட்டான். ஐந்தாவதில் கரையோரம் கணுக்கால் தண்ணீருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான், ஆறாவதில் நல்ல உடுப்பு உடுத்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து அழுகிறாள், இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று. எவ்வளவு அருமையான புத்தகம்! தங்கச்சிக்கு நீந்தப் பழக்குங்கள், வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது என்று எனக்கு உபதேசம் எழுதிக்கொண்டிருந்த என் மகனுக்குக் கடைசியில் நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்து எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று கடைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கை நிறையச் சீனி முட்டாய் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? அந்தப் புத்தகத்தைக் கடை மேசையிலேயே வைத்துக்கொண்டு வருகிற போகிற எல்லோருக்கும் ஒரு மாதம் கதை சொன்னேன். ரப்பர் தோட்டத்து இராமசாமிக் கங்காணி மட்டும் முதல் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மொதலாளி, அந்தாளு மொகத்தப் பாத்தா கவலையில்லாத மாதிரியில்ல சிரிக்கிறான், புள்ளையும் சிரிக்குதுங்களே" என்றான். வெள்ளைக்காரனுக்குச் சாகும்போதும் பல் தெரியும் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். உன் உம்மா திரைக்குப் பின்னால் இருமினாள். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. றமீலா பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், நல்ல அடக்கமான பிள்ளை என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

ஆற்றைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு என்று உனக்குத் தெரியும், உன் சாச்சா, என் தம்பி, பன்னிரண்டு வயதில் இதே ஆற்றில்தான் போனான். நான் கரையில் நின்று கத்தினேன், அதைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை, என் வீட்டில் யாரையும் இறங்க விட்டதுமில்லை. உன்னைக்கூட வாளியில் அள்ளித்தான் குளிப்பாட்டினேன்.

போன வெள்ளிக்கு முந்திய வெள்ளி நடந்ததைக் கேள். ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே கடைக்குப் போகிற நான் அன்று மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாருமில்லை, பின்கதவு திறந்து கிடந்தது. ஆற்றுப் பக்கம் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டு இறங்கிப் போய்ப் பார்த்தால், மகனே, அந்த முதல் படம் அப்படியே என் கண்முன் நிற்கிறது. ஆற்று நடுவில் றமீலாவின் தலை மட்டும் தெரிகிறது. உன் உம்மா உம்மு குல்தூம், இருபத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் பண்ணுகிறவள், கரைப் பாறையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைச் சாரமும் துருக்கித் தொப்பியும் கையில் விரித்த குடையுமாக, பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்று கத்திக்கொண்டு ஓடினேன். பாறையில் பாசி. கால் வழுக்கியது தெரியும், பிறகு மூக்கிலும் வாயிலும் தண்ணீர்தான். அந்த இடத்தில் ஆழம் இரண்டு ஆள். ஒரு முறை மேலே வந்தேன், மறுபடியும் உள்ளே போனேன், உன் சாச்சாவின் முகம் தெரிந்தது, பொய் சொல்லவில்லை. முடிந்தது என்று நினைத்துக் கலிமாவைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை மேலே வந்தபோது என் முகத்துக்கு முன்னால் இன்னொரு சின்ன முகம். உம்மா கரையிலிருந்து வீசிய சேலைத் தலைப்பை ஒரு கையில் இழுத்துக்கொண்டு றமீலா நீந்தி வந்து அதை என் கையில் திணித்தாள். "வாப்பா, இதப் புடிங்க, என்னப் புடிக்க வாணாம்" என்றாள். முழுகுகிறவனுக்குக் கிட்டப் போகக் கூடாது, சீலையைத்தான் கொடுக்க வேண்டும் என்று உம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாளாம். ஏழு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் அதை மறக்கவில்லை. நான் பிடித்தேன், உம்மா இழுத்தாள், கரைக்கு வந்து சேர்ந்தேன். குடை ஆற்றோடு அவிசாவளைப் பக்கம் போய்விட்டது. தொப்பியைத் தங்கச்சி திரும்பப் போய் எடுத்து வந்தாள், நான் வேண்டாமென்று சொல்ல மூச்சு வரவில்லை.

மூச்சு வந்ததும் சத்தம் போட்டேன், அதை மறைக்க மாட்டேன். யாரைக் கேட்டுப் பிள்ளையைத் தண்ணீரில் விட்டாய் என்று கேட்டேன். உன் உம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆறு ஊட்டுக்குப் பொறத்தால ஓடுது. புள்ள ஒரு நாளைக்கி அதுல உழத்தான் போகுது. அந்த நேரம் நீங்க கடையில ஈப்பீங்க" என்றாள். அவள் கரவனெல்லையில் ஆற்றங்கரை வீட்டில் பிறந்தவள், சிறு பிள்ளையிலேயே அக்கரைக்கு நீந்திப் போய் வருவாளாம், கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து நான் பயப்படுகிறேன் என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். நான் கடையில் கதை சொன்ன முதல் நாளே றமீலா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம் போய், "வாப்பா கதையக் கடைசிப் படத்துல ஈந்து சொல்றாங்க" என்றிருக்கிறாள். பாடசாலையில் தமிழ்ப் புத்தகம் இடப்பக்கம் திறப்பது அவளுக்குத் தெரியும், உன் கிதாபுக்கார வாப்பாவுக்குத்தான் தெரியவில்லை. பாதிக் கடைவீதிக்குச் சொன்ன பிறகு என் மானத்தை வாங்க வேண்டாமென்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள், அந்தக் கிழமையே ஆற்றில் இறங்கிவிட்டார்கள். என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் ஒரு மாதம் பாடம் நடந்திருக்கிறது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு காய்ந்த சாரம் உடுத்திக்கொண்டு அந்தப் புத்தகத்தை இடப்பக்கம் திறந்தேன். றமீலா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகக் காட்டினாள். தண்ணீரைப் பார்த்து அழுகிற பிள்ளை. கணுக்கால் தண்ணீர். வயிற்றோடு தாங்கிய கை. பிள்ளை காலை அடிக்கப் பழகுகிறாள். பிறகு அவன் கையை நீட்டியது பிடிப்பதற்கல்ல, விடுவதற்கு. கடைசிப் படத்துக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது மகனே. நான் ஒரு மாதம் ஊரைக் கூட்டி மடையன் என்று திட்டிய மனிதன் அவன். முதல் ஐந்து படத்து வேலையையும் செய்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்திருக்கிறான். உன் உம்மாவிடம், எப்படி உன்னால் அந்தப் பாறையில் சும்மா உட்கார முடிந்தது என்று கேட்டேன். அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். நகம் பதிந்த தழும்பு வரிசையாக இருந்தது, சில பழையது, சில புதியது.

மறுநாளே இராமசாமிக் கங்காணியைக் கூப்பிட்டு, கடையில் நாலு பேர் இருக்கும்போதே கதையைத் திருப்பிச் சொன்னேன். தப்புச் சொன்ன வாயால்தான் சரியும் சொல்ல வேண்டும், அதில் எனக்கு வெட்கமில்லை. "நான் அப்பவே நெனச்சேங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான், சிரிக்கட்டும். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை உம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நானே பாறையில் போய் உட்கார்ந்தேன். றமீலா ஆற்று நடுவில் இருக்கிற கல் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்தாள். என் கைகள் மடியில் நிற்கவில்லை. ஆகவே இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் திரும்பி வரும் வரைக்கும் ஸலவாத்து ஓதினேன், எத்தனை ஓதினேன் என்று தெரியாது. வந்து கரையேறி, "வாப்பா, நீங்க கத்தவே இல்ல" என்றாள், அவளுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

இப்போது உன் விஷயம். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ கப்பல் ஏறிய நாளிலிருந்து இந்த நான்கு வருடமும் மஹ்ரூப் ஹாஜியாருக்கு மாதம் ஒரு கடிதம் நான் தனியாக எழுதி வந்தேன், உன்னைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. போன மாதம் எழுதி வைத்தது, பினாங்குப் பேச்சு எடுத்தால் நீ போகாதபடி ஏதாவது செய்யச் சொல்லித்தான். அதைத் தபாலில் போடுவதற்குள் நான் ஆற்றில் விழுந்துவிட்டேன். இன்று காலை அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஹாஜியாருக்கு வேறொரு கடிதம் எழுதினேன், இத்தனை நாள் என் பிள்ளையைத் தாங்கியதற்கு அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும், இனிக் கையை எடுத்துவிடுங்கள் என்று. நீ பினாங்குக்குப் போ மகன். பிஸ்மி சொல்லிக் கடையைத் திற. உனக்குத் தொழில் தெரியும், கல்லைக் கையில் வைத்த உடனே நல்லது கெட்டது சொல்கிறவன் என்று ஹாஜியாரே எனக்கு எழுதியிருக்கிறார். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது, என் பயம்தான் என் கண்ணை மறைத்தது.

தொழுகையை விடாதே. வெயிலில் அலைந்துவிட்டு வந்த சூட்டோடு குளிக்காதே. புது ஊரில் முதல் நாள் சிநேகம் ஆகிறவனை ஒரு மாதம் கழித்து நம்பு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மா செய்கிற முஸ்கட் இனிப்பில் உன் பங்கைத் தங்கச்சி தின்பாள், அதற்கு ஆட்சேபணை இருந்தால் எழுது. அவள் உனக்கு ஸலாம் சொல்லி, இன்னும் ஒரு புத்தகம் கேட்கிறாள். அனுப்பினால் எந்தப் பக்கம் திறப்பது என்று அட்டையில் ஒரு அம்புக்குறி போட்டு அனுப்பு, ஊரில் இரண்டாம் தடவையும் நான் சிரிப்புக்கு ஆளாக முடியாது. உன் கையும் காலும் கண்ணும் சுகமாக இருக்கவும், நீ திறக்கிற கதவு நல்ல கதவாக இருக்கவும் நானும் உம்மாவும் துஆ செய்கிறோம். மாதம் ஒரு கடிதம் எழுது, அது மட்டும் போதும், நான் அதற்கு மேல் கேட்கமாட்டேன், கத்தவும் மாட்டேன்.

கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
கரையில் உட்கார்ந்திருக்கும்
உன் வாப்பா
ஜுனைதீன்