அக்கா சாப்பிடும் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். ரொட்டியைக் கடிக்கிறாளா, கதவை உடைக்கிறாளா? ஒவ்வொரு வாய்க்கும் தாடையில் டொக், டொக். அத்தானின் கைங்கரியம், அடித்ததில் எலும்பு சரியாகக் கூடவில்லையாம். பாவம்தான். அதற்காக என் காது என்ன பாவம் செய்தது? ஒரு வாரம் என்று பெட்டியோடு வந்தவள், ஆறு மாதமாக என் எதிரில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

விடுதி பார்த்துக்கொள் என்று நேராகவே சொல்லிவிட்டேன். "சாப்பிடுற சத்தத்துக்கா வீட்டை விட்டுப் போகச் சொல்றே?" என்றாள். ஆமாம், அதற்குத்தான்! மனிதர் யாரும் இதைச் சகிக்க மாட்டார்கள். நிரூபித்துக் காட்டுகிறேன். அப்புறம் பேசட்டும்.

மார்ச் 7

மேசைக்கு அடியில் போனை வைத்துப் பதிவுசெய்தாகிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

எங்கள் ஆய்வகத்தில் வேலையே இதுதான். வருகிறவர்களின் விரலில் கருவியை மாட்டி, ஒவ்வொரு சத்தமாகப் போட்டு, மூளை எதற்குப் பதறுகிறது என்று வேர்வையையும் துடிப்பையும் வைத்து அளப்பது. மழை, குழந்தை அழுகை, கரும்பலகையில் நகம் கீறுவது. நடுவே இன்று அக்காவையும் செருகிவிட்டேன். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. எருமைத்தோல் ஜென்மங்கள்.

மார்ச் 12, புதன்

ஆய்வகத்தில் அளவுகளைப் பார்க்கிற சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன் வரைபடத்தோடு வந்தான். "மெல்லுறதுக்கு யாரும் அசையல. நடுநடுவுல 'ப்ச்'சுனு ஒரு சத்தம் வருது பாருங்க, அங்கதான் அத்தனை பேருக்கும் துடிப்பு எகிறுது. நகம் கீறுறதைவிட மோசம். யாருங்க அது?"

யாரோ, என்றேன்.

நான்தான். அவள் மெல்லும்போதெல்லாம் நான் சூள்கொட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். தனியாகப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு 'ப்ச்'சுக்கும் மெல்லுவது நின்றுபோகிறது. கொஞ்சம் கழித்து, மெதுவாக, மறுபடியும். ஆத்திரமாக வந்தது— அவள் மேலா, என் மேலா?

மார்ச் 13, வியாழன்

இரவுச் சாப்பாடு. டொக், டொக். உடம்பெல்லாம் கூசியது; இன்னும் பிடிக்கத்தான் இல்லை. ஒரு 'ப்ச்'கூட வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லிடுடி," என்றாள். "அவரும் கை ஓங்குறதுக்கு முன்னாடி இப்படித்தான் பேசாம இருப்பாரு."