பச்சைப் பாட்டில் தீரும்வரை

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கோலாலம்பூரில் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சேறு. வெளியே போக வழியில்லை, நல்லதாயிற்று. கண்ணாடி அலமாரியைத் துடைத்து முடித்தேன். மேல் தட்டில் இதுவரை:

இஞ்சி ஒயின்.
ஆரஞ்சு குராசாவ், சின்ன பாட்டில்.
சோம்பு வாசனையில் ஒன்று. பெயர் பிரெஞ்சில், வாயில் நுழையவில்லை.
கிரேம் டி மாந்த். புதினாச் சரக்கு. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை.

எல்லாம் மலிவுதான். சீனர் கடை முதலாளி, தவுக்கே, விற்கும்போதே சொல்லிவிட்டார்: "கிராணி, இது முரா சரக்கு லா. துரை எல்லாம் தொடாது." தொடாவிட்டால் போகட்டும். இந்த ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் வீட்டுக்குள் பார் வைத்திருக்கும் கிராணிக் குமாஸ்தா வேறு எவன்? பச்சையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். சட்டைக் கையெல்லாம் பச்சை. வெகுநேரம் இறக்கி வைக்க மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரி சி. எட்டிப் பார்த்தாள். கள்ளுக்கடைக்குக் கண்ணாடி போட்டாச்சா என்றாள்.

வலது ஷூ தையல் விட்டிருக்கிறது. தலைவலித் தைலம் வாங்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

எறும்பு! குராசாவ் மூடியைச் சுற்றி ஒரு படையே. லிக்யூர் என்கிற இந்த இனிப்புச் சரக்கில் பாதி சர்க்கரை என்பதை மறந்துபோனேன். அலமாரியின் நாலு காலுக்கும் தகரக் கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர், மேலே இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். இனி நீந்தி வரட்டும்.

எதிர் வீட்டு அப்பாத்துரை வந்து பார்த்தான். அவனும் நம் ஆபீஸ்தான், டிக்கெட் பிரிவு. விஸ்கி இல்லாமல் பாரா என்று கேட்டு ஒரு சிரிப்பு. போகும்போது இஞ்சி ஒயின் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் போனான். பொறாமை. நன்றாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 15, சனி

அரை நாள் ஆபீஸ். மதிய ரயிலில் கிள்ளான். சீமைக்குத் திரும்பும் துரை ஒருவரின் பங்களாவில் லேலோங். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஏலத்துக்குப் பஞ்சமில்லை. பியானோவுக்கு அடிதடி. ஒரு மூலையில் திறந்த செர்ரி பிராந்தி, முக்கால் பாட்டில், கூடவே விரல் உயரத்தில் ஒற்றைக்கால் கிளாஸ்கள். கேட்பாரில்லை. எனக்கே விழுந்தது. துரை குடித்த மிச்சம்தானே என்று பக்கத்தில் ஒருவர் முனகினார். இருக்கட்டும். கிளாஸைச் சுண்டினால் மணி போல ஓசை.

அப்படியே அப்பா பால் வெட்டும் ரப்பர் எஸ்டேட்டுக்குப் போனேன். கூலி லயத்து வீட்டில் அவர் இல்லை. கள்ளுக்கடை வாசலில், மற்ற ஆட்களோடு, தகர மக்குடன் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்ப்பதற்குள் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டார். தோட்டத்துக் கிராணி என்று நினைத்திருக்கிறார். பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இது. தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கே போக விரும்புகிறவர்களுக்கு இலவசக் கப்பல். அப்பா பேர் கொடுக்கப் போகிறாராம். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மாவைப் புதைத்தது இங்கே. மகன் இருப்பது இங்கே. என்னோடு வந்து இருங்கள் என்றேன். மறுபடி கேட்டேன்.

"கிராணி வூட்டுல நான் எங்கடா நிக்கிறது?"

நிற்பதாம். இருப்பது என்றுகூட வரவில்லை அவர் வாயில்.

கெஞ்சியதில், அடுத்த ஞாயிறு ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சம்மதம். மறுநாள் திங்கள் பேர் கொடுப்பாராம். திரும்பும் ரயிலில் பிராந்தி பாட்டில் மடியில். அழுகை வந்தது. எதிரே இருந்தவர், துரை மிச்சத்தை நான் குடித்துவிட்டதாக நினைத்திருப்பார்.

நவம்பர் 17, திங்கள்

சி.யுடன் சண்டை. வருகிற மனுஷனுக்குச் சோறு போடுங்கள், சாராயம் எதற்கு என்கிறாள். சாராயம் வேறு, லிக்யூர் வேறு என்று விளக்கினேன். காதில் ஏறவில்லை. சாமி படம் இருக்கிற வீடு என்றாள். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஆயுசு முழுக்கக் குந்திக் குடித்த மனுஷர். ஒரு தடவையாவது நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கிளாஸில், மகன் ஊற்றக் குடிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த அலமாரி. முதலில் அப்படி நினைத்து ஆரம்பிக்கவில்லைதான். இப்போது அதற்குத்தான்.

சி. அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை இல்லை. கோழிக் குழம்பு. பாட்டில்களை நிறவரிசையில் வைத்தேன். பச்சை நடுவில். சலவைக் கோட்டு, கழுத்துவரை பட்டன். எல்லாம் தயார்.

முன்வாசலில் காத்திருக்கிறேன், அப்பாவைக் காணோம். பார்த்தால் பின்பக்கம், அடுப்படிப் படிக்கட்டில் நிற்கிறார். துண்டு கக்கத்தில். கூட்டிவந்து நடுவீட்டில் நாற்காலியைக் காட்டினேன். பரவாயில்லை, நிக்கிறேன் என்றார். பார் அலமாரியைக் காட்டினேன், ஒவ்வொரு பாட்டிலுக்கும் பெயர் சொன்னேன். தலையாட்டினார், நின்றபடியே. ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, குடிக்க வாசலுக்குப் போகப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவும் செய்து, என் வீட்டையும் கள்ளுக்கடை ஆக்கிவிட்டேனா?

சி. அடுப்படியிலிருந்து வந்தாள். "மொதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க," என்றாள்.

கழற்றினேன். பனியனும் கைலியுமாக வந்து நின்றேன். பனியனில் தோளருகே ஓட்டை, அவள் தைக்கச் சொன்னதை நான் தள்ளிப்போட்டது. அப்பா அந்த ஓட்டையைப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். துண்டு தோளுக்குப் போனது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார், நன்றாகச் சாய்ந்து. நான் பாட்டிலும் கையுமாக நிற்கிறேன்.

"ஏன்டா நிக்கிற? உக்காரு."

உட்கார்ந்தேன். பச்சையை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். வயித்துக்குள்ள காத்து அடிக்குது என்றார். செர்ரி வேண்டாமாம், இருமல் மருந்தாம். சோம்பைத் துப்பாத குறை. பச்சைதான். இரண்டாவது கிளாஸ் அவரே கேட்டு வாங்கினார். கிளாஸைச் சுண்டிக் காட்டினேன். அவரும் சுண்டினார்.

சாப்பிட்டு முடித்துப் பெரிதாக ஓர் ஏப்பம். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒரு கிளாஸ்னா, அந்தப் பச்சை எத்தினி நாளுக்கு வரும்?"

ரொம்ப நாள் வரும்ப்பா என்றேன்.

"அப்ப அது தீரட்டும். கப்பலைப் பொறவு பாத்துக்கலாம்."

சி. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மலாயாவில் எந்தத் துரை பாரும் இப்படி ஒரு காரியம் செய்திருக்காது.

நவம்பர் 26, புதன்

தூறல். அப்பா பேர் கொடுக்கவில்லை. தகரப் பெட்டியோடு நேற்றே வந்துவிட்டார். இப்போது பின்பக்கம் முருங்கைக்குப் பாத்தி கட்டுகிறார். ஷூ தைத்தாகிவிட்டது.

ஆபீஸ் விட்டதும் நேரே தவுக்கே கடை. பச்சை குறையக் குறைய, தெரியாமல் அதே பாட்டிலில் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பது என்று திட்டம். அந்தப் பாட்டில் என் காலத்தில் தீராது. ஆனால் பச்சை இல்லையாம். இருந்த ஒன்றும் காலையிலேயே போய்விட்டதாம். அப்பாத்துரை! அவன்தான். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சி. அரிசி எடுத்துத் தரச் சொன்னாள். அரிசிப் பானையை நகர்த்தினேன். பின்னால், பழைய துணி சுற்றி, சீல் உடைக்காத பச்சைப் பாட்டில். அவளைத் திரும்பிப் பார்த்தேன். முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்க எறும்பு வராது," என்றாள்.