கோளூர் நக்கையும் இல்லாத புள்ளியும்

மழை தன் காலம் மறவாதிருக்க. குறும்பொறை நாடும் அதன் நாற்பத்தெட்டு ஏரிகளும் நிறைந்திருக்க. வெள்ளத்தில் தாமே இறங்கி மடை திறந்தவர் என்று குடிகளால் சொல்லப்படும் பெருங்கோப்பிராட்டியார் பொன்மாரி நங்கையாரின் திருவாய்மொழிப்படி, அவரது ஆட்சியாண்டு பதினொன்றில், ஆவணித் திங்கள் நான்காம் நாள், ஓலைநாயகம் வழுதூர் இளங்கண்ணன் எழுதியது. வடகரைக் கூற்றத்தை ஆளும் கோளூர் கிழார் மருதவாணர் இதைக் கண்டு, சுற்றமும் படையும் சூழ நலமுற்றிருக்க; தம் கூற்றத்து வெற்றிலைக் கொடிக்கால்கள் மீண்டும் தழைக்க.

வாழ்த்து இவ்வளவே. இனி வருவதைத் தாம் அமர்ந்து கேட்பது நல்லது.

எட்டாம் ஆண்டு ஐப்பசியில் ஆறு கரையுடைத்துக் கோளூரின் கொடிக்கால்களை வாரிப்போனதும், நாற்பது குடிகள் அரசப் பண்டாரத்தில் கடன் வாங்கி மறுபடி கொடி நட்டதும், மணல் மூடிய நிலத்தில் அதுவும் அழுகிப்போனதும் தாம் அறிந்தவை. அந்த நாற்பதில் ஒன்று பூவன் குடி. கடன் இருநூற்று நாற்பது காசு. வரவு செலவு பார்ப்பவள் அவன் மனைவி நக்கை. மிஞ்சிய கொடியில் கிள்ளிய வெற்றிலை மாதம் ஐந்து காசு தந்தது. மூன்று வட்டிக்குப் போயிற்று. மீதி இரண்டில் புருஷன், இரண்டு பெண்மக்கள், தான் என்று நாலு வயிறு. இந்தக் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் முதல் அடைவதில்லை என்று அவள் ஒன்பதாம் ஆண்டிலேயே கண்டுகொண்டாள். பண்டாரத்தில் கணக்கெழுதும் பதினெட்டுப் பேர் அதைக் கண்டிலர்.

பிராட்டியார் கண்டார். அவ்வாண்டுத் தைத் திங்களில் கோளூருக்கு ஓர் ஓலை போக்கினார்: கடன் தீர மனை நீங்குக, பங்குனிக்குள் புதுக்கால் சேர்ந்து நிலம் பெறுக. புதுக்கால் என்னும், புது வாய்க்கால் பாயும் ஊருக்குக் குடிபெயர்ந்தால் போதும், பெயர்ந்த அன்றே கடன் தள்ளுபடி என்பது திருவுளம்.

ஓலையில் புள்ளி குத்தினால் நார் கிழியும் என்று நம் எழுத்தாளர் எவரும் புள்ளி வைப்பதில்லை. ஆகையால் தீர என்று எழுதினாலும் தீர் என்று எழுதினாலும் ஓலையில் உரு ஒன்றே. வாசிப்பவன்தான் இடமறிந்து புள்ளியை நினைத்துக்கொள்ள வேண்டும். ஊர்க்கணக்கன் வெண்காரி மன்றத்தில் நின்று, கடன் தீர், மனை நீங்குக என்று வாசித்தான். கட்டிவிட்டு அப்புறம் கிளம்பு என்று பொருளும் சொன்னான். இல்லாத புள்ளியை வாயால் வைத்தான். தாமும் அம்மன்றத்தில் வீற்றிருந்தீர். தமக்கும் அது சரியாகவே பட்டது.

முப்பத்தொன்பது குடிகள் சிரித்துவிட்டுக் கலைந்தன. நக்கை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் புருஷனோடு வழக்காடினாள். அவர்கள் பேசியதை மெருகிடாமல் எழுதுக என்பது பிராட்டியார் கட்டளை. "எங்கப்பன் வச்ச கொடிக்கால விட்டுட்டு எங்கடி போறது?" என்றான் பூவன். "இங்க இருந்தா வட்டி நம்மளத் திங்கும். அங்க போனா மண்ணாவது சோறு போடும். பொண்ணுங்க ரெண்டு இருக்கு, யோசிச்சுப் பாரு" என்றாள் அவள். நாலாம் நாள் அவனே பசுவை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டினான்.

வீடு ஏலத்தில் தொண்ணூறு காசு. பசு இருபத்திரண்டு. அவள் கழுத்துப் பொன் நாற்பது. எண்பத்தெட்டு குறைந்தது. அதற்குப் பூவன் தன்னையே மூன்றாண்டு உப்பளத்தில் ஆளடமானம் வைத்தான். இத்தனையும் கொண்டுபோய்க் கொட்டியபோது தம் பண்டாரத்தான் எண்ணி வாங்கித் தீர்வோலை எழுதிக் கொடுத்தான். எதற்கம்மா கட்டுகிறாய் என்று கேட்க ஒரு வாய் இல்லை.

பங்குனி முடிய இரண்டு நாள் இருக்கையில் நக்கை பெண்மக்களோடு புதுக்கால் சேர்ந்து, அங்குள்ள நில அதிகாரியிடம் தீர்வோலையைப் பெருமையோடு நீட்டினாள். அவன் சிரித்துவிட்டான். "இதென்னம்மா கூத்து? தள்ளிவிட்ட கடன யாராச்சும் கட்டுவாங்களா?" என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த படியோலையை எடுத்து மூன்று முறை மெல்ல வாசித்துக் காட்டினான். மூன்றாம் முறை அவள் தீர்வோலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவன் அளந்து கொடுத்த நிலத்தைப் பெற்று, பெண்மக்களை அவன் மனைவியிடம் விட்டு, கட்டிய காசையும் புருஷனையும் மீட்க ஒன்பது நாள் நடந்து தலைநகர் வந்தாள். வெட்கத்தோடு எழுதுகிறோம்: பதினாறு திங்கள் அவள் அரண்மனை வாயிலில் நின்றாள். கடன் தீர்ந்தவளுக்குக் கடன் வழக்கு ஏது என்று கடன் மன்றத்தார் அனுப்பினர். நிலம் பெற்றவளுக்கு நில வழக்கு ஏது என்று நில மன்றத்தார் அனுப்பினர். இப்படிப் பந்தாடியவர் பெயர்கள் தனியோலையில் உள்ளன. அந்தப் பதினாறு திங்களும் உப்பின் மேல் அடித்த வெயில் பூவன் கண்ணில் அடித்தது. சென்ற ஆடியில் செய்தி பிராட்டியார் செவிக்கு எட்டி, ஆளடமானம் மீட்கப்பட்டு அவன் அழைத்துவரப்பட்டபோது, அவனைக் கைபிடித்து நடத்த வேண்டியிருந்தது. மருத்துவர் இருவர் பார்த்தனர். கண் திரும்பாது என்றனர்.

வெண்காரியைப் பிராட்டியார் அவைக்கு வரவழைத்து, யார் தந்த காசுக்கு இப்படி வாசித்தாய் என்று இதை எழுதும் இளங்கண்ணன் உரக்கக் கேட்டான். "காசு வாங்கலீங்க" என்று அழுதான் கணக்கன். "முப்பது வருசமா அரமனை ஓலை வாசிக்கிறேன். கட்டு, கொடு, செலுத்து, இதத் தவிர ஒண்ணும் வந்ததில்ல. விடுறோம்னு ஒரு ஓலை வரும்னு எனக்கு எப்படித் தாயே தோணும்?" நக்கையும் குறுக்கே வந்து, "அவரக் குத்தம் சொல்லாதீங்க. எனக்கும் அப்படித்தான் காதுல விழுந்துச்சு" என்றாள்.

ஆகையால் வெண்காரிக்குத் தண்டமில்லை. அப்படி வாசிக்க அவனைப் பழக்கியது அரண்மனை. அரண்மனையைத் தண்டிக்க நாட்டில் ஆளில்லை. அன்று ஓலை எழுதிய கையும் இதே கைதான். நார் கிழியாமல் ஓர் ஓலையை மிச்சம்பிடித்த இந்த எழுத்தாளனுக்கு ஓராண்டு ஊதியம் நிறுத்தப்பட்டது. அது போதாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

முப்பத்தொன்பது குடிகளின் கடனும் வட்டியும் இன்றோடு இல்லை என்று அறிக. நக்கை கட்டிய இருநூற்று நாற்பது காசும் அவள் கையில் எண்ணி வைக்கப்பட்டது. புதுக்காலில் இரட்டை நிலம் தருவதாகப் பிராட்டியார் சொன்னதை அவள் ஏற்கவில்லை. "நல்ல மண்ணுதான் தாயே. ஆனா அவருக்கு இனிமே புது ஊரு ஏது? கோளூர்ல வாசலுக்கும் கிணத்துக்கும் எத்தன எட்டுன்னு அவரு காலுக்குத் தெரியும்" என்றாள். எந்த வீட்டை விட்டுப் போக அத்தனையும் விற்றாளோ, அதே வீட்டைத்தான் திரும்பக் கேட்டாள். ஏலத்தில் எடுத்த தம் மைத்துனர் அதில் இப்போது மாடு கட்டியிருப்பதாகக் கேள்வி. அவர் தந்த தொண்ணூறு காசு இவ்வோலையோடு வருகிறது. மாடும் மைத்துனரும் பத்து நாளில் வெளியேறுக.

இன்றுமுதல் அரச ஓலை ஒவ்வொன்றிலும் புள்ளி குத்தப்படும். நார் கிழிந்தால் கிழிந்தபடி வாசிக்க. அப்பழைய வரியை இதன் அடியில் புள்ளியோடு மறுபடி எழுதியிருக்கிறோம்:

கடன் தீர மனை நீங்குக.

பூவன் வீடு சேர்ந்ததும் தாமே அங்கு சென்று, இவ்வோலையை அவன் மடியில் வைத்து, அவன் விரலைப் பிடித்து இவ்வரியின் மேல் நடத்துக. கடன் என்பதில் ஒரு துளை தட்டும், நீங்குக என்பதில் ஒரு துளை தட்டும். நடுவே தீர என்பதில் ஒன்றும் தட்டாது. அவன் அங்கே எவ்வளவு நேரம் தேடினாலும் தம் கையை எடுக்கலாகாது. இது பிராட்டியார் ஆணை. ஏரிமடை முத்திரை இட்டோம்.