நூற்று இருபத்தொன்பது சதவீதம்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால், மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஒருவரிடமும் காட்ட வேண்டாம். எங்கள் அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், காட்டவே காட்டாதீர்கள்.
— ரிஃப்கா, பதினொன்றாம் வகுப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டில் இருக்கும் ஒரு இயந்திரத்தின் திறனை அளந்து எழுதி வரச் சொன்னார் இயற்பியல் எடுக்கும் ரோஹிணி மிஸ். எல்லோரும் மிக்ஸி என்றார்கள். நான் எங்கள் வயல் போர் மோட்டார் என்றேன். எதற்கு இந்த வாய்.

ஆகஸ்ட் 5

இருநூறு லிட்டர் டிரம் பத்து வினாடியில் நிறைகிறது. தண்ணீர் எண்பது அடி ஆழத்திலிருந்து, அதாவது இருபத்து நான்கு மீட்டர், ஏறி வருகிறது. செய்த வேலையை நேரத்தால் வகுத்தால் 4800 வாட். மோட்டார் தகட்டில் எழுதியிருப்பது ஐந்து ஹெச்.பி. அது 3730 வாட்தான். பயனுறுதிறன் 129 சதவீதம்.

மூன்று தடவை அளந்தேன். பத்து வினாடிதான். ஒன்று எங்கள் மோட்டார் ஆற்றல் அழிவின்மை விதியை மீறியிருக்க வேண்டும். இல்லை, வேறு ஏதோ விதியை.

ஆகஸ்ட் 6

வேறு விதிதான். மெக்கானிக் பக்கிரி அண்ணனிடம் கேட்டேன்.

"தகடுதான் பாப்பா அஞ்சு. உள்ள கெடக்கறது பத்து. ஒங்க அத்தாவுக்குத் தெரியும்." கிளம்பும்போது, "நல்ல மூளை ஒனக்கு. வாய மூடிக்கிட்டா இன்னும் நல்ல மூளை."

இலவச மின்சாரம் ஐந்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள். குறுவை நெல் கதிர் விடும் நேரம். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது.

ஆகஸ்ட் 7

பத்து வினாடியை இருபது என்று மாற்றி எழுதினேன். 64 சதவீதம். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 11

பத்துக்குப் பத்து. மிஸ் வகுப்பில் படித்தே காட்டினார்.

"சனிக்கிழமை எல்லாரும் உங்க வயலுக்கு வர்றோம். நீ அளந்து காட்டு. எங்க வீட்டுக்காரரும் வர்றாரு. ஈபியில இன்ஜினியர். அவருக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசியா என்னைக் கிள்ளினாள். "டிபன் உண்டாடி?"

ஆகஸ்ட் 12

டிரம்மில் ஓட்டை போட்டால்? இருபது வினாடி ஆக வேண்டுமென்றால் என் முஷ்டி நுழையும் அளவு ஓட்டை வேண்டும். கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன். என்ன பிறவி நான்.

ஆகஸ்ட் 14

சொல்ல வாய் வரவில்லை. நிஜக் கணக்கு ஒரு தாள், பொய்க் கணக்கு ஒரு தாள் — இரண்டையும் இந்த நோட்டிலிருந்து கிழித்து அத்தாவின் சட்டைப் பையில் வைத்தேன். சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு வந்து படித்தார்.

"இதுல எது பொய்?"

காட்டினேன்.

"எதுக்கு மாத்துன?"

"லைனக் கட் பண்ணிடுவாங்கன்னு."

இரண்டு தாளையும் மடித்து மறுபடி பையில் வைத்தார். பிறகு பக்கிரி அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நாளைக்கு ஆளோட வா. பத்தத் தூக்கிட்டு பழைய அஞ்ச எறக்கு."

"பாய், கதிர் வர்ற நேரம். மேட்டுப் பக்கம் மூணு மா காஞ்சுடும்."

"காஞ்சா காயட்டும்."

மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். சனிக்கிழமை டிரம் இருபது வினாடியில்தான் நிறையும். நான் எழுதியது உண்மையாகிவிடும். அப்புறம் ஏன் அழுகை வருது?

கதவைத் தட்டுகிறார். அத்தாதான்.

"ரிஃப்கா, முழிச்சிருந்தா அந்த நோட்ட எடுத்துக்கிட்டு வா. அஞ்சுல பாதித் தண்ணிதான வரும்? அப்ப எத்தனை மணி நேரம் ஓட்டுனா அந்த மூணு மாவும் நனையும்னு கணக்குப் போட்டுச் சொல்லு."