நீ அனுப்பிய அட்டை விமானம்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். இதைப் படிக்கும்போது நீ தரையில் இருப்பாயோ மேலே இருப்பாயோ தெரியாது, எங்கே இருந்தாலும் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய புத்தகம் கிடைத்தது. அதைப் புத்தகம் என்று சொல்லவே வாய் கூசுகிறது, விமானத்தைத் துண்டு துண்டாகக் கெட்டி அட்டையில் அச்சடித்து, நம்பர் போட்டு, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் வெறும் அம்புக்குறியாக இறைத்து வைத்திருக்கிறான் அதை வரைந்த மகானுபாவன். போன தடவை நீ வந்திருந்தபோது, ராணுவமும் வேண்டாம் விமானமும் வேண்டாம் வேலையை விடு என்று நான் அழுததற்கு நீ என்ன சொன்னாய்? "நான் ஓட்டற விமானத்தையே அட்டையில அனுப்பறேன், ஒரு துண்டு விடாம நீயே செஞ்சு முடி, அதுக்கப்புறமும் விடுன்னு சொன்னா விட்டுடறேன்" என்று சொன்னாய். ஊரில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுத்தவளிடம் போய்க் கத்தரிக்கோல் பந்தயம் கட்டுகிறாளே, இவளை நம்பியா ஒரு விமானத்தைக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் செய்து முடித்து உன்னை மூட்டை கட்ட வைக்கிறேன் என்றுதான் வெட்டும் மேஜையில் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன், இதற்குப் பெயர் விமானமா? சண்டை போடுகிற பெரிய விமானமாக இருந்தால் பயப்படுவதிலாவது ஒரு கௌரவம் இருக்கும். முன்னால் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஒடுங்கி உட்கார்ந்து, தலைக்கு மேலே ஒரு பலகையை இறக்கை என்று சொல்லிக்கொண்டு, காட்டையும் ஆற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வர ஒரு டப்பா. பேருக்கு ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. சக்கரத்தைப் பார்த்தால் தள்ளுவண்டிக்காரன் வேண்டாமென்று கழித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. நிறமாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை, பல தடவை துவைத்துச் சாயம் போன ஒரு பச்சை. அந்த நிறத்தில் யாராவது சட்டை கேட்டால் வேறு கடை பார் என்று அனுப்பிவிடுவேன்.

உடம்புக்குள் நிறுத்தி வைக்க வளையம் வளையமாக விலா அட்டைகள் கொடுத்திருந்தான். ஒட்டி மூடிய பிறகு உள்ளே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று பாதியை விட்டுவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் விமானம் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறது. லைனிங் வேண்டாம் என்கிற வாடிக்கைக்காரிகளை நான் எப்படி ஏசுவேன் என்று உனக்குத் தெரியுமே, அந்த ஏச்சு மொத்தத்தையும் எனக்கே ஏசிக்கொண்டு அதைக் கசக்கி எறிந்தேன். வெட்டுவதற்கு முன்பே எல்லாப் பக்கத்தையும் அதே மாதிரி அட்டையில் நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். மறுபடி ஒரு விலா விடாமல் வைத்துச் செய்தேன். வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளையாகப் பல்லை இளித்தது, அந்த அசட்டுப் பச்சையையே கலந்து ஓரத்துக்கு ஓரம் பூசினேன். பிறகு உன் நாற்காலி வந்தது. அதில் உன்னைக் கட்டிப் பிடிக்கிற வார் நூல் கனத்துக்கு ஒரு காகிதம், அதை மூன்று தடவை செய்தேன். முதல் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, மூன்றாவது இன்னும் இறுக்கமாக இருந்தது.

உன் அப்பாவின் உழைப்பையும் கேட்டுக்கொள். பிறந்ததிலிருந்து ஒரு பட்டன் தைத்தறியாத மனுஷர், சோபாவை விட்டு எழுந்திருக்காமலே "எறக்கைய கொஞ்சம் தூக்கி வை" என்று எனக்குப் பாடம் நடத்தினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நாங்கள் விமானம் செய்கிறோம் என்று பீற்றிக்கொண்டும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசித் துண்டையும் ஒட்டி முடித்தேன். உனக்குப் போன் போட்டு, "ஜெயிச்சுட்டேன், கிளம்பி வா" என்று சொல்லக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உன் அத்தையார் எழுந்தருளினார். செத்த கரப்பானைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ளயா பொண்ண உக்கார வெச்சிருக்கீங்க, ரெண்டு அறை விட்டு இழுத்துட்டு வராம பெத்தவ என்ன பண்ணிட்டு இருக்க?" என்று கேட்டார். அறையைத் தவிர மற்றதெல்லாம் நானே உன்னிடம் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்த வாயிலிருந்து கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கீழ வைங்க அண்ணி, உள்ள ஒரு விலா விடாம வெச்சுச் செஞ்சது அது, எம் பொண்ணு ஓட்டறது ஒண்ணும் விளையாட்டுச் சாமான் இல்ல" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் நான் யார் கட்சியில் பேசினேன் என்பதே எனக்கு உறைத்தது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். என்னைச் சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று உன் அப்பா அந்த விமானத்தை எடுத்து, வாயால் உர்ரென்று சத்தம் போட்டு, கூடம் முழுக்க ஓட்டி, மேஜை மேல் இறக்கினார். இறக்கிய லட்சணம், சக்கரம் ஒன்று கழன்று உருண்டுவிட்டது.

பசை பக்கத்திலேயே இருந்தது, ஒரு நிமிஷ வேலை. நான் சக்கரத்தை எடுத்துப் பட்டன் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். ஒட்டவில்லையா என்று கேட்ட உன் அப்பாவிடம் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு துண்டு விடாமல் என்பது உன் பேச்சு. ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது, அதனால் இன்னும் முடியவில்லை, முடியாதவரைக்கும் வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இதைப் பார்த்து அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று தப்புக் கணக்குப் போடாதே. பயம் அப்படியேதான் இருக்கிறது, வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் ஊசியை வைத்துவிட்டு வாசலுக்குத்தான் ஓடுகிறேன். லீவில் வரும்போது சக்கரத்தை உன் கையால் நீயே ஒட்டு, அப்புறம் நான் என்ன சொல்வேன் என்று இப்போது கேட்காதே. அதுவரை அது டப்பாவில் பத்திரமாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு குறையும் வராமல் நீண்ட ஆயுசோடு இரு, என் ஆசீர்வாதமும் உன் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய், உட்கார்ந்ததும் முதல் வேலையாக வாரை மாட்டு. நான் மூன்றாவதாகச் செய்ததைப் போல இறுக்கமாக.

இப்படிக்கு,
பந்தயத்தில் இன்னும் ஜெயிக்காத
உன் அம்மா