படகுத்துறைக்குக் குறித்த இடம்

செவ்வாய், இரவு

அந்தக் கரையில்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் குளிக்கிறார்கள் என்று இன்று நான் சொல்லவில்லை.

புல் மண்டிக் கிடக்கும் தேயிலைத் தோட்டத்துக் குளத்தைச் சுற்றுலாப் படகு விடத் திருத்தப் போகிறார்கள். அளக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தை யாராவது பாவிக்கிறார்களா என்று அவர் கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் முந்திக்கொண்டார். "யாரும் வர்றதில்லைங்க." பிறகு என்னிடம் சிரித்தார். "அப்படியே சொல்லும்மா. பொம்பளைங்க குளிக்கிற எடம்னா படகு விடுவாங்களா? டிக்கட் குடுக்க ஒக்காரப்போறதே நீதானே!"

பெண்கள் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். லயத்துக் குழாயில் குடிக்க மட்டுமே தண்ணீர் வருகிறது என்பது அவருக்கும் தெரியும். அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆனாலும்...

அங்கேயே படகுத்துறைக்குக் கட்டை அடித்து மஞ்சள் நாடா கட்டினார்கள்.

மாலையில் குளிக்கப் போன அம்மா, காய்ந்த துணியோடு திரும்பி வந்தார்.

"நாடா கட்டி வச்சிருக்கானுங்கடி. நம்மள ஒரு வார்த்த கேட்டானுங்களா?"

நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா குடிதண்ணீரில் கை கால் மட்டும் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார்.