நாலு பிளவுக் கோலா

லாகோஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? என்னால் இங்கே யாருக்கும் இதுவரை பெரிய சேதமில்லை.

பள்ளி விழாவுக்கு நான் எழுதிய நாடகம் தேர்வாகியிருக்கிறது. சண்டைபோட்ட அண்ணன் தம்பி, நம் வழக்கப்படி கோலாக்கொட்டையை உடைத்து ஊரார் எல்லோரோடும் பங்கிட்டு மென்று சமாதானமாகும் கதை. ஒத்திகைக்குச் சந்தையில் ஒரு கொட்டை வாங்கினேன். பிரித்தால் இரண்டே பிளவு! இலக்கிய ஆசிரியர் ஒபியாகோர் சார் துள்ளி எழுந்தார்.

“டேய் சோமா, இது சும்மா மெல்லுற கொட்டைடா, சடங்குக்கு ஆகாது! அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, ஊருக்கு உன் மண்டையையா உடைப்ப? பங்கு கிடைக்காம ஒருத்தன் நின்னாலும் அது நம்ம இக்போ சனங்க கதையே இல்ல. நாடகத்த நிறுத்து!”

“என் மண்டைய உடைச்சாலும் உள்ள ஒண்ணும் தேறாது சார்.”

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான், ஊரில் பேருந்தேறும்போது நீங்கள் என் பையில் திணித்த கொட்டை நினைவுக்கு வந்தது. “கோலாவோட போக, நான் என்ன பொண்ணு பாக்கவா போறேன்?” என்று கேலி செய்தேனே, அதேதான். மூத்தவர் என்பதால் சாரே கடவுளை வேண்டிக்கொண்டு உடைத்தார். நாலு பிளவு! எல்லோருக்கும் ஒரு துணுக்காவது கிடைத்தது. நாடகம் பிழைத்தது. நன்றி அப்பா.

விழாவுக்கு இன்னொன்று வேண்டும். தபாலில் அனுப்பினால் காய்ந்துவிடும். நீங்களே கொண்டுவாருங்கள், அம்மாவையும் சேர்த்து. என் துணுக்கை இன்னும் தின்னவில்லை. மூன்றாகப் பிரிக்கலாம்.

மணியடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள்
சோமா